பொதுக்காற்று

முதல் வாரம் முழுக்க மங்கையர்க்கரசிக்கு எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்கு உள்ளே கால் வைத்து ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் அது குற்றம். அதே விஷயத்தை வெளியே சாலையில் நின்று தெரிந்துகொண்டால் அது ஆய்வு. சுவருக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் சாக்கடை யாருடையது என்று நில அளவை வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே, அவள் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆழி ரிசர்ச் தன் ஆட்களை வெளியே அனுப்பும்.

பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் லாப நஷ்டத்தை அறிவிக்கின்றன. அதை ஒரு வாரம் முன்னால் ஊகித்துவிட்டால் பங்கு வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் யோகம். ஆனால் உள்ளே வேலை செய்கிறவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் சிறை. ஆகவே யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலைக் கடக்கும் லாரிகளை எண்ணலாம். கடைகளில் எந்த ஃபிரிட்ஜ் போகிறது என்று விசாரிக்கலாம். பழைய இரும்பு எடுக்கிறவர் எத்தனை நடை வருகிறார் என்று பார்க்கலாம். வானத்திலிருந்து எடுத்த படத்தை வாங்கிக் கிடங்கு வாசலில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைக் கணக்கிடலாம். ஆழியில் சட்ட விதிகளைக் கவனித்துக்கொள்ளும் ஜெரால்டு இதைப் புதியவர்களுக்கு எளிமையாக விளக்குவார்: புள்ளிகள் தெருவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவற்றை இழுத்துக் கோலமாக்குவதுதான் நம் சாமர்த்தியம்.

மூச்சுமானி வந்த பிறகு லாரி எண்ணுகிற வேலை ஏறக்குறைய ஒழிந்துபோனது. காசநோய் பரவுகிறதா என்று பேருந்து நிலையங்களில் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. மனிதர்கள் விடும் மூச்சை உறிஞ்சி, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும். ஒரு ஆலையிலிருந்து ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தின் பக்கத்தில் அதை வைத்தால், எத்தனை பேர் இரட்டை ஷிப்ட் பார்த்தார்கள், எத்தனை பேருக்குத் தூக்கமில்லை, எத்தனை பேருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது என்றெல்லாம் தெரிந்துவிடும். களைப்பு அதிகமென்றால் உற்பத்தி அதிகம். பயம் அதிகமென்றால் ஆள்குறைப்பு வருகிறது. தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட கணக்கைவிட இது நம்பகமானது என்று வாடிக்கையாளர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. வாயை விட்டு வெளியேறிச் சுவரையும் தாண்டி வந்த மூச்சு பொதுக்காற்று, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது என்று தீர்ப்பு வந்தது. தொழிலாளர்களின் அந்தரங்கம் என்ன ஆவது என்று சிலர் கேட்டதால் இரண்டு பாதுகாப்புகளும் சேர்க்கப்பட்டன. எது யாருடைய மூச்சு என்று பார்க்கக் கூடாது. கிடைத்த தகவலை முதலீட்டு முடிவுகளுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. தொழிற்சங்கங்கள்கூட அந்த இரண்டாவது பாதுகாப்பை வரவேற்று அறிக்கை விட்டன.

மங்கை சாத்தூர்க்காரி. அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். மாணவிகள் சேராமல் கல்லூரி மூடப்பட்டதும் சென்னைக்கு வந்தாள். மூச்சுமானியின் திரையில் வரும் கோடுகளைப் பார்த்து இது அசிட்டோன், இது வேறு என்று சொல்ல ஆள் தேவைப்பட்டதால் ஆழி அவளை எடுத்துக்கொண்டது. அவளுக்குக் கொடுக்கப்பட்ட நிறுவனம் பனிமலர். ஒரகடத்தில் ஃபிரிட்ஜ் செய்கிற பெரிய ஆலை. ஒவ்வொரு காலாண்டு முடிவுக்கும் முந்தைய வாரங்களில் அவள் அந்த ஆலை வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் மாலையில் ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். டிபன் கேரியர் அளவுக்கு இருந்த பெட்டி பக்கத்தில் லேசாக உறுமிக்கொண்டிருக்கும். கழுத்தில் ‘ஆய்வாளர்’ என்று எழுதிய அட்டை தொங்கும். பொய் சொல்லக் கூடாது என்பது விதி. யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் கேட்கவில்லை. கொசு மருந்துத் துறை என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அந்தப் பெஞ்சில்தான் அற்புதமேரி பழக்கமானாள். ஃபிரிட்ஜின் சுவருக்குள் நுரை ஊற்றி அடைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். ஆலையின் வாலாஜாபாத் பேருந்து நிரம்பும்வரை ஒரு டீ குடிப்பது அவள் வழக்கம். முதல் நாளே பேச ஆரம்பித்து, “இந்த மாசம் எங்க லைன்ல” என்று தொடங்கினாள். மங்கை டீ கிளாஸோடு எழுந்து சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள். ஊழியர் ஒருவர் வேலையைப் பற்றிப் பேசினால் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது என்று ஜெரால்டு சொல்லியிருந்தார். திமிர் பிடித்தவள் போலிருக்கிறது என்று அற்புதமேரி நினைத்துக்கொண்டாள். மறுநாள் மங்கையே வந்து, வேலையைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசுங்கள், வேலைப் பேச்சைக் கேட்டால் எனக்குத் தலைவலி வருகிறது என்றாள். அதில் பொய் அதிகமில்லை.

வேலையைப் பேசக் கூடாது என்று ஆகிவிட்டால் இரண்டு பேர் வேறு என்னதான் பேசுவார்கள்? மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். அற்புதமேரி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாப்பிள்ளையின் போட்டோவும் முதலில் மங்கையிடம்தான் வந்தது. மஸ்கட்டில் இருக்கிறவன் பார்க்க லட்சணமாக இருக்கிறான், ஆனால் போட்டோவில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறான் என்று மங்கை சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தன் கல்யாணம் ஒரு வருடத்திலேயே முறிந்துபோன கதையை, ஆழியில் யாரிடமும் சொல்லாததை, மங்கை அந்தப் பெஞ்சில் வைத்துச் சொன்னாள். ‘மேடம்’ என்று ஆரம்பித்த அற்புதமேரி சீக்கிரமே ‘மங்கை’ என்றும் ‘நீ’ என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். மங்கைக்கு அவள் மேரிக்கா ஆனாள்.

அடுத்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய காலாண்டில் மூச்சுமானி ஒரு புதிய கோட்டைக் காட்டியது. களைப்பும் இல்லை, பயமும் இல்லை. பழுப்புச் சேலைச் சீருடை அணிந்த பெண்கள் கூட்டமாகக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கோடு எழுந்தது. நீலச் சீருடைக்காரர்கள் கடக்கும்போது எழவில்லை. பழுப்பு என்றால் நுரைப் பிரிவு. கருவி பழுதோ என்று மங்கை இன்னொரு பெட்டியை வாங்கிவந்து பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. ஒரு மாலை மழையில் கடைக்குள் கூட்டம் நெருக்கியடிக்க, அற்புதமேரி அவள்மேல் சாய்ந்தாற்போல் உட்கார்ந்து டீயை ஊதிக் குடித்தாள். பெட்டி அவள் ஒருத்தியின் மூச்சை மட்டும் இழுத்தது. கோடு திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. மங்கை சட்டென்று பெட்டியை மூடினாள். யாருடைய மூச்சு என்று பார்க்கக் கூடாது.

நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் ஆழி வழக்கமாக ஆலோசனை பெறும். அதுவும் சட்டப்படியானது, அவர் எந்த நிறுவனத்திலும் வேலை பார்ப்பவர் அல்ல. கோடுகளைப் பார்த்துவிட்டு அவர் தயங்காமல் சொன்னார். நுரை மருந்தின் புகை மூச்சுக்குழாயை அரிக்கத் தொடங்கியிருக்கிறது. இப்போதே அந்த இடத்தை விட்டு விலகினால் ஓரிரு மாதத்தில் சரியாகிவிடும். இப்படியே தொடர்ந்தால் பிறகு எங்கே போனாலும் சரியாகாது.

மங்கை அதை எழுதி மேலே அனுப்பினாள். ஆழியின் தலைவர் பத்ரிநாத் அவளைத் தன் அறைக்கு அழைத்து, எழுந்து நின்று கை கொடுத்தார். சாதாரணமாக அவர் யாருக்கும் எழுந்து நிற்கிறவர் இல்லை. நுரைப் பிரிவு நின்றால் ஆலையே நிற்கும், நஷ்ட ஈடு, வழக்கு, புதிய இயந்திரம் என்று அடுத்த ஒரு வருட லாபம் போகும், இது வேறு எவனுக்கும் தெரியாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நுரையீரல்களைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை சதவீதம் என்பதுதான்.

மங்கை அங்கிருந்து நேராக ஜெரால்டின் மேஜைக்குப் போனாள்.

“சார், அவங்களுக்குச் சொல்ல வேண்டாமா?”

“யாருக்கு?”

“மூச்சு விட்டவங்களுக்கு.”

ஜெரால்டு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், அலுவலகத்துப் பேனாவைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர். “சட்டப்படி அது யாரோட மூச்சுன்னே நமக்குத் தெரியக் கூடாது மங்கை. தெரியாத ஆளுக்கு எப்படிச் சொல்லுவீங்க?”

“கம்பெனிக்குச் சொல்லலாமே.”

“ரிசல்ட்டுக்கு முன்னால கம்பெனிகிட்ட வாயைத் தொறந்தா நாம சுவருக்கு உள்ள போயாச்சுன்னு அர்த்தம்.”

“சுகாதாரத் துறைக்கு?”

“முதலீட்டுக்கு மட்டும்னு விதி இருக்குல்லா. அதை எதுக்கு வெச்சாங்க? தொழிலாளியோட அந்தரங்கத்தைக் காப்பாத்த. நாளைக்கு எவனாவது இந்தப் பெட்டியைக் காட்டி, இவளுக்கு நோய், இவளை வேலைக்கு எடுக்காதன்னு சொல்லிரக் கூடாது பாருங்க.”

“அப்ப யாருக்குத்தான் சார் சொல்லலாம்?”

“நம்ம வாடிக்கையாளர்களுக்கு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல. ஒருத்தருக்கு முன்ன, ஒருத்தருக்குப் பின்னன்னு கிடையாது. அந்த விஷயத்துல நாம ரொம்ப நேர்மை.”

வியாழக்கிழமை அறிக்கை போனது. பம்பாயிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் முன்பின் பார்த்திராத மனிதர்கள், வாலாஜாபாத்திலிருந்து தினமும் பேருந்து பிடித்து வரும் பெண்களின் நெஞ்சு எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். பனிமலர் பங்கின் விலை மெல்ல இறங்க ஆரம்பித்தது. டீக்கடைத் தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் காரணம் புரியவில்லை என்றார். அற்புதமேரி அதைப் பார்த்துவிட்டு, “நாங்க இங்க ராப்பகலா உழைக்கிறோம், இது ஏன் எறங்குது?” என்று பொதுவாகக் கேட்டாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஐயோ, உனக்குத் தலைவலி வந்துரும்” என்றாள். சிரித்ததில் இருமல் வந்தது.

அந்த இருமல் நிற்கும்வரை மங்கை காத்திருந்தாள். நின்றதும், “மேரிக்கா, நீங்க ஒருதடவை நெஞ்சு டாக்டரைப் பார்க்கணும்” என்றாள்.

இது தூசி, கம்பெனி டாக்டரே சொல்லிவிட்டார், எங்கள் பிரிவில் எல்லோருக்கும் இருக்கிறது என்றாள் அற்புதமேரி. எல்லோருக்கும் இருப்பதால் அவளுக்கு அது தைரியமாக இருந்தது. கல்யாணம் முடியட்டும், பார்க்கிறேன் என்றாள். மங்கை மறுபடி வற்புறுத்தினாள். ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய் என்று அற்புதமேரி கேட்டாள். கேட்டுவிட்டாள் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. மங்கை அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி என்ன செய்யும், அது என்ன காட்டியது, மருத்துவர் என்ன சொன்னார் என்பது வரை.

அற்புதமேரி பெட்டியைப் பார்த்தாள். பிறகு மங்கையைப் பார்த்தாள். நோயைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை.

“இத்தனை நாளா பக்கத்துல உக்காந்து என் மூச்சத்தான் புடிச்சுட்டு இருந்தீங்களா மேடம்?”

உங்களுடையது என்று தனியாக எடுக்கவில்லை, மொத்தமாகத்தான் எடுத்தோம் என்ற பதில் மங்கையின் வாய்வரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கே கூசியது. அற்புதமேரி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடமிருந்தும் அந்தப் பக்கம் உட்காரவில்லை.

ஆனால் மறுநாள் நுரைப் பிரிவில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கு வரவில்லை. பழுப்புச் சேலையிலேயே அரசு நெஞ்சு மருத்துவமனையில் போய் வரிசையில் நின்றார்கள். படம் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள் அத்தனை பேரையும் விடுப்பில் போகச் சொன்னார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பிரிவைப் பூட்டினார். பங்கு ஒரே நாளில் சரிந்தது. யார் சொல்லி வந்தீர்கள் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, வரிசையில் நின்ற ஒரு பெண் வெள்ளந்தியாக, கொசு மருந்து மேடம் சொன்னாங்க என்றாள்.

சந்தையை மேற்பார்வையிடும் ஆணையம் மங்கையை விசாரணைக்கு அழைத்தது. ஆலையில் நடந்ததைப் பற்றிய விசாரணை அல்ல அது. வாடிக்கையாளரல்லாத ஒருவருக்கு, விலையைப் பாதிக்கும் தகவலைத் தனியாகக் கொடுத்தது பற்றியது. விசாரணை அதிகாரி மிகவும் மரியாதையான பெண்மணி. தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அவரிடம் வரிசையாகக் கேள்விகள் இருந்தன. தகவல் பெற்றவர் பங்கு வைத்திருக்கிறாரா? இல்லை. விற்றாரா? இல்லை. தகவலால் அவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா?

“மூச்சு விடறாங்க மேடம்” என்றாள் மங்கை.

அதிகாரி சிறிது நேரம் யோசித்தார். பிறகு பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரிடம், “ஆதாயம், உண்டு” என்றார்.

பங்குச் சந்தை சார்ந்த எந்த வேலையும் பார்க்கக் கூடாது, மூச்சுமானியைத் தொடவும் கூடாது என்று தடை வந்தது. பத்ரிநாத் அவளைத் திட்டவில்லை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதற்கு முன்பே விற்றுவிட்டு நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். நல்ல ஆய்வாளர், ஆனால் நல்ல ஆய்வாளருக்குரிய கட்டுப்பாடு இல்லை என்று மட்டும் வருத்தத்தோடு சொன்னார். ஜெரால்டு லிப்ட் வரை கூட வந்தார். உள்ளே ஏறியபோது அவள் கையை ஒருமுறை அழுத்தினார்.

பனிமலர் இரண்டு வேலைகளைச் செய்தது. தொழிற்சாலை ஆய்வாளரின் உத்தரவுப்படி நுரைப் பிரிவில் புகைபோக்கிகள் வைத்தது. உத்தரவில் எத்தனை சொல்லியிருந்ததோ அத்தனை, ஒன்றுகூட அதிகமில்லை. இரண்டாவது வேலையை யாரும் உத்தரவிடாமல் தாராளமாகச் செய்தது. ஆலைக் கதவிலிருந்து பேருந்தின் படி வரை, மேலேயும் பக்கங்களிலும் கண்ணாடியால் மூடிய ஒரு நடைபாதையைக் கட்டியது. உள்ளே குளிர்சாதனம். ‘தொழிலாளர் நல நடைபாதை’ என்று பெயர். அதன் காற்று நாலு வடிகட்டிகளைத் தாண்டித்தான் சாலைக்கு வரும். தொழிலாளியின் மூச்சு வாசலைக் கடந்து பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்விடும், பொதுக்காற்றில் துளிகூடக் கலக்காது. இனித் தகவல் கசிய வழியில்லை, நிர்வாகம் பொறுப்பாக நடந்துகொள்கிறது என்று ஆழி உட்பட எல்லா ஆய்வு நிறுவனங்களும் எழுதின. பங்கு பழைய விலையைத் தாண்டி ஏறியது.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்ப அழைக்கப்பட்ட நுரைப் பிரிவுப் பெண்கள் அந்த நடைபாதையில் கால் வைக்க மாட்டோம் என்று சாலையில் உட்கார்ந்தார்கள். முன்னால் அற்புதமேரி. நிர்வாகத்துக்குப் புரியவில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்த மேலாளர் வெயிலில் வியர்த்துக்கொண்டே, உங்களை ஏசியில் நடக்கச் சொல்கிறோம், அதற்கா வேலைநிறுத்தம் என்றார். சம்பள உயர்வு வேண்டுமானால் கேளுங்கள், பேசலாம் என்றுகூடச் சொன்னார். எங்களுக்கு வெயில் போதும் சார் என்றாள் அற்புதமேரி.

பெண்களிலேயே சிலர் தயங்கினார்கள். நம்மை வேவு பார்த்தவர்கள்மேல் உனக்கென்ன திடீர்ப் பாசம் என்று ஒருத்தி கேட்டாள். அற்புதமேரி மைக்கை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“பாசம் ஒண்ணும் கெடையாது. கம்பெனி டாக்டர் தூசின்னாரு. நம்ம வீட்டு ஆம்பளைங்க கஷாயம் குடின்னாங்க. நம்ம நெஞ்சுக்குள்ள என்னா இருக்குன்னு காசு குடுத்துப் பாத்தவன் பங்கு வெச்சிருக்கறவன் ஒருத்தன்தான். அவன் கண்ணுலேருந்தும் மறைஞ்சுட்டா, அப்புறம் நம்மள யாரு பாப்பாங்க?”

தங்களை வேவு பார்க்க வேண்டும் என்று கேட்டுத் தொழிலாளர்கள் போராடுவது இதுதான் முதல் தடவை என்று தொலைக்காட்சிகள் கேலி செய்தன. மழைக்காலம் தொடங்கும்வரை போராட்டம் நீடித்தது. கடைசியில் நடைபாதையைக் காவலாளிகளின் ஓய்வறையாக மாற்றிவிட்டு, பெண்களைப் பழையபடி திறந்த சாலை வழியாகவே விட்டார்கள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அற்புதமேரி படப்பைக்கு வந்தாள். மங்கை அங்கே ஒரு டியூஷன் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டு, மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அற்புதமேரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். வந்த விஷயத்தை உடனே சொன்னாள். பெஞ்சில் புது ஆள் வந்திருக்கிறார், வைகுந்தன் என்று பெயர், வங்கியில் இருந்தவராம், நாற்பது வயதிருக்கும், ரொம்ப சாது. எங்கள் மூச்சு எப்படியிருக்கிறது என்று நேராகவே கேட்டேன். கும்பிட்டுவிட்டு எழுந்து சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். நீங்கள் வந்து அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா மேடம்?

தனக்கு இருக்கும் தடையை மங்கை சொன்னாள். தொட்டால் இந்த முறை சிறைதான். அற்புதமேரி தலையாட்டினாள். மங்கை காபி போட்டுக் கொடுத்தாள்.

“அன்னைக்குக் கோவம் வந்துருச்சு” என்றாள் அற்புதமேரி. “இப்பவும் முழுசாப் போகல. ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க வாயத் தொறந்து சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“அந்த வாரம் பூரா நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசவேயில்ல. மாப்ள போட்டோவ நீட்டுனா நல்லாருக்குன்னு சொல்லிட்டு டீ கிளாஸயே பாத்தீங்க. மழை பேஞ்சுதே, அன்னைக்குப் பொட்டிய மூடுனப்ப உங்க மூஞ்சில ரத்தமே இல்ல. யாருக்கோ சாவு போலன்னு நெனச்சேன். எனக்குன்னு தெரியல.”

மங்கை அழுதாள். அற்புதமேரி தடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து, காபி தம்ளரைத் தானே கழுவி வைத்தாள். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, “ரொம்ப எளைச்சுட்ட. நேரத்துக்குச் சாப்புடு” என்றாள். மகள் கல்யாணப் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை மஸ்கட்காரன்தான்.

மறுநாள் மாலையிலிருந்து வைகுந்தனுக்குப் பெஞ்சில் துணை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் முறைவைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் பேசவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பி நன்றாக மூச்சை இழுத்து விடுவார்கள். பிறகு டீயைக் குடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பார்கள். வைகுந்தன் சினிமாவில் வரும் கல்யாணக் காட்சிக்கே கண் கலங்குகிறவர். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைக் காட்ட அவருக்கு வராது. அந்தக் காலாண்டில் அவர் திரையைப் பார்த்துவிட்டு பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த காலாண்டில் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பெண்கள் நிம்மதியாகப் பேருந்து ஏறினார்கள்.

இது எப்படியோ பத்ரிநாத்தின் காதுக்குப் போயிற்று. தன் வாடிக்கையாளர்களுக்குப் போகும் முன்பே தகவல் டீக்கடையில் வெளியாகிறது என்று அவர் கொதித்தார். ஜெரால்டு விதிகளை முழுக்கப் புரட்டிப் பார்த்தார். பொதுச் சாலையில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் முகம் பொதுக்காற்றைப் போலத்தான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெண்கள் செய்வதில் தவறே இல்லை என்று கண்டுபிடித்தார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசான சந்தோஷம் இருந்ததாக அந்த அறையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஆகவே நம் ஆட்கள்தான் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. வெயிலில் தினமும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார முடியாது என்று ஆய்வாளர்கள் முறையிட்டார்கள். அதற்கும் ஜெரால்டு ஒரு வழி சொன்னார். சுற்றறிக்கை வந்தது: மூச்சுமானியில் முக்கியமான தகவல் தெரியவரும்போது மட்டும் ஆய்வாளர்கள் முகக்கவசம் அணிந்தால் போதும்.

பத்ரிநாத் அதில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட் ஆட்கள் மதியமே போய்விட்டிருந்தார்கள். மாலையில் ஷிப்ட் விட்டு அற்புதமேரி வெளியே வந்தபோது வைகுந்தன் எதிர்ப் பெஞ்சில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். மூக்கும் வாயும் கன்னமும் மறைய, கண் மட்டும் தெரியும்படி வெள்ளைக் கவசம் கட்டியிருந்தார். கையிலிருந்த டீயை எப்படிக் குடிப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். அற்புதமேரி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. பின்னால் வந்த பெண்களைப் பேருந்தில் ஏறச் சொன்னாள். நீலச் சீருடைக்காரர்களையும் கூப்பிட்டு ஏற்றினாள். கடைசியாகத் தான் ஏறி, வாலாஜாபாத் வேண்டாம், நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்று ஓட்டுநரிடம் சொன்னாள்.

யார் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டார்.

“யாரும் ஒண்ணும் சொல்லல” என்றாள். “எடுங்க.”